கீல் வைத்த துப்பாக்கி

என் பேரன்கள் கைபேசியில் பார்க்கும் தொடர்களில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது யாரையாவது சுடுகிறார்கள். நானும் சில நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். பார்த்ததுமே சொல்லிவிடுவேன், இது ரப்பர், இது பிளாஸ்டிக், இது மட்டும் இரும்பு என்று. கனமான சாமானைத் தூக்குகிறவனுக்குத் தோள் முதலில் இறங்கும், அப்புறம்தான் கை ஏறும். இவன்கள் கல்யாண வீட்டில் விசிறியை எடுப்பது மாதிரி எடுக்கிறான்கள். "தாத்தாவுக்குத் தெரியாததே இல்ல" என்று சின்னவன் கிண்டல் செய்வான். இல்லைதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இன்றைக்கு என் பெயரில் நான்கு அறுவடை இயந்திரங்கள் ஓடுகின்றன, அரிசி ஆலை இருக்கிறது, தாலுகா ஆபீஸுக்குப் போனால் எழுந்து நாற்காலி போடுகிறார்கள். எவனும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, எல்லாம் கண்ணால் பார்த்துக் கற்றதுதான். துப்பாக்கியையும் அப்படித்தான் கற்றேன்.

எங்கள் ஊர் வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது. நான் பையனாக இருந்தபோது ஊரில் பாதிக்கு மேல் நிலம் ஒரே மிராசுதாருக்குச் சொந்தம். அவரிடம் லைசென்ஸ் வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. அறுவடை முடிந்து வயல் காயத் தொடங்கும் நாட்களில் வாய்க்கால் ஓரம் மடையான் சுடப் போவார். விழுந்த பறவையைச் சேற்றில் இறங்கி எடுத்து வருவது என் வேலை. ஊரில் அத்தனை பையன்கள் இருக்க என்னைத்தான் கூப்பிடுவார். அவ்வளவு வேகமாக ஓடுவேன். துப்பாக்கியை நடுவில் மடக்குவார், குழலுக்குள் ஒரு பார்வை பார்ப்பார், தோட்டாவைப் போட்டு மூடுவார். மூடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு என் கால் ஓடத் தயாராகித் தானாக விறைத்துக்கொள்ளும். இடது கண்ணை மூடிக் குறி வைத்தாரென்றால் பறவை தப்பாது.

என் அப்பா அந்த மிராசுதாரிடம்தான் ஆறு மா நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர், குத்தகைக்குச் சாகுபடி செய்தார். அப்பாவுக்கு முன்னால் அவருடைய அப்பா செய்தது. கையில் காகிதம் என்று எதுவும் கிடையாது. அந்த வருஷம் மிராசுதார் நிலத்தை விட்டுவிடச் சொன்னார். வாயால் சொன்னதுதான். அதுவரைக்கும் எங்கள் தெருவில் அதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை. ஆனால் அப்பா விடவில்லை. விவசாயிகள் சங்கத்துக்காரர்களோடு போய்த் தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்துவிட்டார். மாசி மாதம் விசாரணை என்றார்கள். அங்கே மிராசுதார் எதிரில் நின்று, "இந்த நிலத்தை உழுகிறவன் நான்தான்" என்று அப்பா தன் வாயால் சொல்ல வேண்டும். சாட்சிகள் மூன்று பேர் தயாராக இருந்தார்கள். அப்பா சொல்லிவிட்டால் போதும், நிலம் எங்களை விட்டுப் போகாது.

அப்பாவின் தம்பிக்கு மட்டும் நம்பிக்கை இல்லை. மிராசுதாரைக் கண்டால் தோளில் கிடக்கிற துண்டு இடுப்புக்கு இறங்கிவிடுவது எங்கள் தெருவில் எல்லாருக்கும் வழக்கம். சித்தப்பா அதைத்தான் சொல்லிக் குத்துவார்.

"அண்ணே, ஆபீஸ்ல அவர பாத்ததும் கை துண்டுக்குப் போச்சுன்னு வையி, அதோட நெலமும் போச்சு."

"ஒன் வேலயப் பாருடா. தோள்ல போட்டுக்கிட்டே நிக்கிறேனா இல்லியான்னு வந்து பாரு."

தை கடைசியில் சினிமாக்காரர்கள் வந்தார்கள். மிராசுதாரின் களமும் வைக்கோல் போரும் அவர்களுக்குப் பிடித்துப்போயின. கதையில் ஒரு கெட்ட பண்ணையார் தன் ஆட்களைத் துப்பாக்கியோடு நிறுத்தி உழவர்களை மிரட்டுவான், கடைசியில் அவன் மகனே வந்து துப்பாக்கியைப் பிடுங்குவான். மிராசுதாரிடம் இதையெல்லாம் சொல்லித்தான் கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். சினிமா என்றால் அவருக்கு உயிர். ஆனால் அவருடைய துப்பாக்கியை மட்டும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அதனால் சினிமா சாமான்களைப் பார்த்துக்கொள்கிற ஆள் ஒருவர், களத்து மூலையில் உட்கார்ந்து துப்பாக்கி செய்ய ஆரம்பித்தார். பட்டணத்துக்காரர், வெற்றிலை போட்டுக்கொண்டே இருப்பார். நான் அவர் பக்கத்திலேயே கிடந்தேன். கேமராவுக்குத் தூரத்தில் நிற்கிற ஆட்களுக்கு வெறும் பலகையைத் துப்பாக்கி மாதிரி அறுத்துக் கறுப்பு அடித்தார். கொஞ்சம் கிட்டத்தில் நிற்கிறவர்களுக்கு மேலே ஒரு இரும்புக் குழாய். பண்ணையாராக நடிப்பவருடைய துப்பாக்கிக்குத்தான் எல்லா வேலையும். தேக்குக் கட்டையைத் தேய்த்து மெழுகு பூசி, குழாய் இரண்டை ஒட்டி, விசைக்குக் கொக்கி வளைத்து வைத்தார். கட்டைக்குள் குடைந்து ஈயத்தை உருக்கி ஊற்றினார். "கனம் இல்லன்னா மூஞ்சி பொய் சொல்லிடும் தம்பி" என்றார்.

எல்லாம் சரி, நடுவில் மடங்கவில்லை. நான் சொன்னேன். "எங்க மிராசுதார் ஐயா துப்பாக்கி இங்க மடங்கும். மூடுனா சத்தம் கேக்கும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பாத்திருக்கியா?"

"நான்தான் கூடப் போறவன்."

அந்த ஆள் எழுந்து போய் மாட்டுக் கொட்டகைக் கதவிலிருந்து ஒரு கீலைக் கழற்றிக்கொண்டு வந்தார். துப்பாக்கியை நடுவில் அறுத்து அந்தக் கீலை வைத்தார். ஒரு தாழ்ப்பாளும் வைத்தார். மடக்கி மூடினால் 'டக்'. அசல் சத்தம். இதைச் சொல்லிவிட வேண்டும், அந்தக் கீல் என் யோசனை. அந்த வயதில் அந்தக் களத்தில் இருந்தவர்களில் எவனுக்கும் அது தோன்றவில்லை.

உழவர்களாக நிற்க எங்கள் தெரு முழுவதையும் கூப்பிட்டார்கள். டைரக்டர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து அப்பாவிடம் நின்றார். அப்பா நல்ல உயரம், பனை மாதிரி நிமிர்ந்த உடம்பு. எனக்கு இருப்பதும் அவர் கொடுத்த உயரம்தான். துப்பாக்கிக்கு முன்னால் ஒரே ஒரு உழவன் வந்து நெஞ்சைக் காட்டி நிற்பான். அது அப்பா. வசனமும் உண்டு. "சுடுடா பார்ப்போம்!"

வீட்டில் அம்மாவுக்கு அடுப்பு வேலை ஓடவில்லை. "டா போட்டா பேசப் போற? களத்துல ஐயா ஒக்காந்திருப்பாங்க. காதுல வுழுவாதா?"

"அவங்களையா சொல்றேன்? நடிகன சொல்றேன்."

"துப்பாக்கிய நெஞ்சுக்கு நேரா நீட்டுவானுவளாமே..."

நான் உள்ளே புகுந்தேன். "அது கட்டைம்மா. நானே நகத்தால சொரண்டிப் பாத்தேன். உள்ள ஈயம், நடுவுல மாட்டுக் கொட்டக கீலு."

அப்பா சிரித்தார். அன்று சாயங்காலம் வாய்க்காலில் மாட்டைக் கழுவிக்கொண்டே "சுடுடா பார்ப்போம், சுடுடா பார்ப்போம்" என்று அந்த வசனத்தை ஒவ்வொரு விதமாகச் சொல்லிப் பார்த்தார். சித்தப்பா கரையில் நின்று, "இதே மாதிரி ஆபீஸ்லயும் சொல்லிடு, ஆறு மாவும் நம்மளதுதான்" என்றார். அவரும் அன்றைக்குத்தான் முதல்தடவையாக நம்பினார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் களத்தில் ஊரே கூடிவிட்டது. மிராசுதார் புங்கமரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒத்திகையில் பண்ணையார் வேஷக்காரர் துப்பாக்கியை நீட்ட, அப்பா துண்டைத் தோளில் வீசிப் போட்டுக்கொண்டு நாலு எட்டு முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்தி, "சுடுடா பார்ப்போம்!" என்றார். எங்கள் தெரு ஆட்கள் விசில் அடித்தார்கள். டைரக்டர் அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. வேஷக்காரரைத்தான் திட்டினார். அந்த மனிதர் துப்பாக்கியை இடுப்பில் வைக்கிறார், அக்குளில் வைக்கிறார், கண்ணைக் கேமராவில் வைக்கிறார். பின்கட்டை எங்கே போக வேண்டும் என்றே தெரியவில்லை. இரண்டு முறை எடுத்தும் சரியாக வரவில்லை.

மூன்றாவது முறை கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே மிராசுதாரால் பொறுக்க முடியவில்லை. "என்னா தம்பி, மழையா பேயுது? கொடையப் புடிக்கிற மாதிரி புடிச்சிருக்கீங்க!" எல்லாரும் சிரித்தார்கள். அவர் எழுந்து வந்தார். "கொண்டாங்க இங்க."

கையில் வாங்கினார். வாங்கியதும் பழக்கத்தில் நடுவில் மடக்கினார். அது மடங்கியதில் அவருக்கே ஆச்சரியம். "அட!" என்று அந்தச் சாமான் ஆளைப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. குழலுக்குள் ஒரு பார்வை பார்த்தார். மூடினார். 'டக்'. பின்கட்டையைத் தோள்குழியில் அழுத்தி வைத்தார். கன்னத்தைக் கட்டை மேல் சாய்த்தார்.

"இப்புடி. பாத்துக்கங்க." குழல் திரும்பி அப்பாவின் மேல் நின்றது. "ஏய், அப்புடியே நில்லு. நகராத. ஒன் வசனத்தச் சொல்லு."

அப்பா நின்றார். வாய் திறந்தது. வசனம் வரவில்லை.

"சொல்லுடா."

மிராசுதார் இடது கண்ணை மூடினார். களத்தில் சிரிப்பு இன்னும் ஓயவில்லை, சித்தப்பாகூடச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அப்பாவின் கை மட்டும் தோளுக்குப் போனது. துண்டு இறங்கியது. இடுப்பில் அதைச் சுற்றிக்கொண்டு, முட்டி மடங்கி, அத்தனை உயரமும் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. "ஐயா... புள்ளக்குட்டிக்காரன்யா... ஐயா..."

டைரக்டர் கேமராக்காரரின் தோளைப் பிடித்து அமுக்கினார். "ஓடட்டும், ஓடட்டும், நிறுத்தாத" என்று ரகசியக் குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. அப்பா நெல் பதரில் முகத்தை வைத்துக் கும்பிட்டபடியே கிடந்தார். கொஞ்ச நேரம் கழித்து டைரக்டர் "கட்" என்று கத்திவிட்டுத் தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினார். "இதுதான்யா! எந்த நடிகன்கிட்டயும் இது வராது!"

மிராசுதார் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார். "எந்திரிடா, வெறும் கட்ட" என்று சிரித்தார். ஊர் அதற்கப்புறம்தான் முழுசாகச் சிரித்தது. "சுடுடா பார்ப்போம்" வசனத்தை அன்று மத்தியானமே வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் வாய்க்கால் வரப்பில் அப்பா முன்னால் போனார், நான் பின்னால் போனேன். எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. "அது கட்டைன்னு சொன்னேன்லப்பா. கீலு வச்சதுகூட நான் சொல்லித்தான்."

"தெரியும்டா."

"தெரிஞ்சா ஏன் வுழுந்த?"

அப்பா மதகைத் தாண்டி நடந்தார். அப்புறம் திரும்பாமலே கேட்டார். "ஒத்தக் கண்ண மூடுனாங்களே, பாத்தியா?"

பார்த்தேன்தான். சுடுகிறவன் ஒரு கண்ணை மூடத்தானே வேண்டும்? வேஷக்காரருக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதானே? இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. தான் பயந்ததை மறைக்க அப்பா ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணை நாளில் சித்தப்பா விடிந்ததும் வந்து வாசலில் நின்றார். சாட்சிகளும் வந்தார்கள். அப்பா கொல்லையில் கீரைப் பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தார். "நான் வரல" என்றார். சித்தப்பா கெஞ்சினார், திட்டினார், கடைசியில் மண்ணை வாரி எறிந்துவிட்டுப் போனார். பஸ் போய்விட்டது. மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஆறு மாவும் அந்தச் சித்திரையிலேயே வேறு ஆள் கைக்குப் போனது. அப்பா அதே வயலில் கூலிக்கு நாற்று முடி சுமந்தார். என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார்கள். நான் படிக்காததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அது வேறு விஷயம்.

அடுத்த வருஷம் அந்தப் படம் பக்கத்து ஊர் டூரிங் கொட்டகைக்கு வந்தது. தெருவே வண்டி கட்டிக்கொண்டு போனது. அப்பா வரவில்லை. திரையில் துப்பாக்கி வந்தது. முதலில் வேஷக்காரரின் முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். அடுத்து அப்பா. ஒரு வீடு உயரத்துக்கு அப்பா. துண்டு இறங்குகிறது, முட்டி மடங்குகிறது, விழுகிறார். மிராசுதார் படத்தில் எங்குமே இல்லை, அவரை வெட்டி எடுத்துவிட்டார்கள். கொட்டகை முழுக்கக் கைதட்டல். பெஞ்சில் இருந்த ஒரு பொம்பளை மூக்கைச் சிந்தினாள். "யாருய்யா அந்த ஆளு, என்னமா நடிச்சிருக்கான்!" என்றார் வெளியூர்க்காரர் ஒருவர். "எங்கப்பா!" என்று நான் மணலில் எழுந்து நின்று கத்தினேன்.

ஒரு வருஷமாக எனக்குள் கிடந்த அவமானம் அந்த இடத்திலேயே கரைந்துபோனது. அப்பா பயப்படவில்லை. அப்பா நடித்திருக்கிறார். எனக்கு ஏன் இது முன்னமே தோன்றவில்லை? வண்டியில் உட்கார முடியாமல் இறங்கி, வண்டிக்கு முன்னால் ஓடியே வீட்டுக்கு வந்தேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மீன் குழம்பு.

"அப்பா, எல்லாரும் கை தட்டுனாங்கப்பா! நீ நடிச்சதுதான் படத்துலயே ஒசத்தின்னு வெளியூர்க்காரங்ககூடப் பேசிக்கிட்டாங்க!"

அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டார். "ஐயா வந்திருந்தாங்களா?"

"வந்திருந்தாங்கப்பா. பின்னாடி நாற்காலியில. அவங்கதான் மொதல்ல தட்டுனாங்க!"

அப்பா தட்டில் தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவிவிட்டு எழுந்து வெளியே போனார். சோறு பாதிக்கு மேல் கிடந்தது. "கொழம்புல உப்பக் கொட்டிட்டியா?" என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். சட்டியில் விரலைத் தொட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.