இருவாச்சி கெடுத்த சம்பந்தம்

“உள்ளே போனதும் பொண்ணு வாசலை அடைச்சிக்கும். ஒரு சந்துதான் இருக்கும். சாப்பாடு அது வழியாத்தான். மூணு நாலு மாசம் வெளியவே வராது.”

பக்கத்து அறையிலிருந்து தம்பி செல்வகுமாரின் குரல் கணீரென்று கேட்டது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் பாகாயத்திலிருந்து வந்திருந்த பெண்ணின் அப்பா பஞ்சாட்சரம், எடுத்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

“எம் பொண்ணு வேலைக்குப் போறவம்மா,” என்றார் மெதுவாக.

அக்கா மோகனாவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அது மனுஷர் சமாச்சாரமில்லை, வால்பாறைப் பக்கத்து மழைக்காட்டில் மரப்பொந்தில் குஞ்சு பொரிக்கும் இருவாச்சிப் பறவை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் வியர்த்துவிட்டது. செல்வகுமார் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவன், வருஷா வருஷம் லீவு போட்டுப் போய் அந்தக் கூடுகளுக்குக் காவல் இருக்கிறான். இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போனில் அதே பாடம். பதினோரு மணிக்கு வெளியே வந்து உட்காரடா என்று மூன்று தடவை சொல்லியிருந்தாள்.

போன சம்பந்தமும் இப்படித்தான் போயிற்று. பெண் பார்க்கப் போன இடத்தில், இருவாச்சிகள் வானத்தில் மண்டையோடு மண்டை மோதிக்கொள்ளும் வீடியோவைப் பெண்ணின் தாய்மாமனுக்குக் காட்டினான்.

மோகனாவுக்கு நாற்பத்து நாலு வயது. இருபது வருஷமாக மாதனூரில் கம்பெனி பஸ் ஏறித் தையல் பிரிவுக்குப் போய் வருகிறாள். கணவர் ராணிப்பேட்டையில் தனியாகப் பொங்கித் தின்கிறார். தம்பிக்கு ஒருத்தி வந்தால்தான் அவளும் அங்கே போய்ச் சேரலாம். அம்மா சாகும்போது கையைப் பிடித்து வாங்கிய சத்தியம் அப்படி.

உள்ளே குரல் தழுதழுத்தது. “ஆண் பறவைதான் பழம் கொண்டாந்து ஊட்டும். அதை யாராவது சுட்டுட்டா, உள்ள இருக்கிற தாயும் குஞ்சும் பட்டினியிலயே செத்துடும் கண்ணுங்களா. ஒண்ணைக் காப்பாத்தினா மூணு உயிர்.”

பஞ்சாட்சரத்தின் கண் கலங்கியது. மோகனாவின் நெஞ்சில் நம்பிக்கை துளிர்த்தது.

“நல்ல மனசும்மா. தம்பி சோறு வடிப்பாரா?”

ஒரு பொய் போதும். நாளைக்கே ராணிப்பேட்டை.

“வெந்நீர் வைப்பான்.”

அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். “பறவைகிட்ட கத்துக்கிட்டதும் சொல்லி அனுப்புங்க.”

அவர் செருப்பு மாட்டும்போது செல்வகுமார் வெளியே வந்தான். “கிளம்பிட்டாரா? அக்கா, சோறு ஆச்சா?”

மோகனா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்தாள்.

“ஐயா, நில்லுங்க. பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் வர்றேன்.” தம்பியிடம் திரும்பினாள். “அரிசி டப்பாவுல இருக்கு. நான் ராணிப்பேட்டைக்கு, மாமாகிட்ட போறேன்.”

“எப்ப வருவ?”

“மூணு நாலு மாசம்.”

பஞ்சாட்சரம் படியிறங்கினார். அவள் பின்னாலேயே வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தினாள்.