நேரம் பார்த்தவர்

எங்கள் தீவில், மின்னி பே என்ற கடலோரப் பகுதியில் ஒரு சேவைக் கழகம் மாணவர்களுக்கு நடத்திய பேச்சு, வீடியோ போட்டியில் நேரம் பார்த்தவர் அவர். ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. நேரம் முடிந்ததும் மேஜை மணியை ஒரு முறை தட்டிவிட்டு, சத்தம் நீளாதபடி உடனே உள்ளங்கையால் மூடிக்கொள்வார்.

வீடியோ சுற்றில் என் தங்கைதான் முதலிடம். எங்கள் வீட்டில் படிப்பு என்னிடமிருந்துதான் தொடங்கியது, அடுத்தது அவள். பேச்சிலும் ஜெயித்தால் சென்னையில் இறுதிப் போட்டி. அவள் கடல் தாண்டி மெயின்லேண்டைப் பார்த்ததே இல்லை.

வீடியோவுக்காக ஒவ்வொரு வாக்கியமாகப் பேசிப் பதிவுசெய்து, பிறகு ஒட்டியிருந்தாள். மேடையிலும் முதல் வாக்கியத்தைக் கணீரென்று சொன்னாள். பிறகு, யாரோ கேமராவை நிறுத்தக் காத்திருப்பவள் போல நின்றாள். அடுத்தது வரவேயில்லை. அரங்கில் சிரிப்பு எழுந்தது. மணி மட்டும் அடிக்கவில்லை. கடைசியில் அவளே அழுதுகொண்டு இறங்கினாள்.

தேநீர் இடைவேளையில் அவரிடம் போனேன்.

"மணி அடிச்சிருந்தா அவ சீக்கிரமே இறங்கியிருப்பாளே, அங்கிள்?"

"ஸ்டாப் வாட்ச்சை நிறுத்தி வெச்சிருந்தேன், பேட்டா. எப்படியாவது பேசிடுவாளோன்னு."

"எல்லாருக்கும் நிறுத்துவீங்களா?"

"வருஷா வருஷம் ஏதாவது ஒரு பச்சா, சின்னப் புள்ள, இப்படி நிக்கும். நிறுத்துவேன். இதுவரைக்கும் ஒண்ணுகூட மறுபடி பேசினதில்ல."

பிறகு எதற்காக நிறுத்துகிறார் என்று நான் கேட்பதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது. அடுத்த மாணவி மேடையேறினாள். கட்டைவிரலை ஸ்டாப் வாட்ச்சின் மேல் வைத்தபடி, அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.