ஊசி அக்காவும் நாலு மணிப் படமும்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடமாக ஊசி குத்துகிறவள் என்பதால், அந்த அடுக்குமாடி முழுக்க அவளுக்கு ஊசி அக்கா என்றுதான் பெயர். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. அதில் அவளும் அவள் தம்பியும். தம்பிக்கு வயது ஐம்பத்திரண்டு. மனசுக்கு ஆறோ ஏழோ. அம்மா சாகும்போது "அவனைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. சொல்லவே வேண்டியதில்லை என்று நினைத்திருப்பாள். கேட்டிருந்தால் ஏதோ ஒரு பதிலாவது சொல்லியிருக்கலாமே என்று அக்காவுக்கு எப்போதாவது தோன்றும்.

தம்பி சாதுதான். போட்டதைச் சாப்பிடுவான், உடுத்தச் சொன்னதை உடுத்துவான். ஒரே ஒரு பிடிவாதம்: நாலு மணிக்குப் படம். வீடியோ டெக் வாங்கியபோது கூடவே இலவசமாக வந்த கேசட் அது. டிவியில் படம் எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று காட்ட எடுத்தது. கதை கிடையாது, ஆள் கிடையாது. கடலலை, காற்றில் ஆடும் சூரியகாந்தித் தோட்டம், முடிவே இல்லாத ஒரு ரயில், கடைசியில் கரையோரமாக ஓடும் ஏழு குதிரைகள். மொத்தம் இருபத்தெட்டு நிமிடம். இருபத்தாறு வருடமாக ஒரு நாள் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஓடி ஓடி நாடா நொந்துபோய், பழுப்பு மாவாக உதிர ஆரம்பித்தது. அந்த மாவு போய் அப்புவது ஹெட்டில். டெக்கின் மூடியைக் கழற்றினால் நடுவில் சாய்வாக ஒரு வெள்ளி உருளை இருக்கும். அதன் அடி விளிம்பில் எதிரெதிராக, கடுகில் பாதிகூட இல்லாத இரண்டு சில்லுகள். படத்தைப் படிக்கிற ஹெட் அவைதான். அதில் தூசு ஏறினால் திரையில் பூச்சி பறக்கும். பூச்சி பறந்தால் தம்பி உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொள்வான்.

ஆரம்பத்தில் தெருமுனைக் கடை மெக்கானிக்தான் வந்து துடைத்துவிட்டுப் போவார். வாரம் ஒருமுறை மூன்று மாடி ஏறி அவருக்கு மூச்சு வாங்கியது. ஒருநாள் சொல்லிவிட்டார்.

"மேடம், ஊசி குத்துற கை உங்களோடது. என் கைய விட நிதானம். நீங்களே துடைச்சுக்கலாம். பஞ்சு மட்டும் வேண்டாம், நூல் மாட்டிக்கும். இந்தத் தோல் துணிய ஸ்பிரிட்ல நனைச்சு உருளை மேல லேசா வெச்சுக்கோங்க. துணி அசையக்கூடாது. உருளையத்தான் சுத்தணும். மேலயும் கீழயும் தேச்சீங்கன்னா, சில்லு போச்சு."

அன்றிலிருந்து அது அவள் வேலையாயிற்று. முதலில் வாரம் ஒருமுறை; நாடா நைய நைய ஒருநாள் விட்டு ஒருநாள்; கடைசிப் பத்து வருடமாகத் தினமும். கூடத்திலிருந்து மூன்று மணிக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல் நாலு திருகாணியைக் கழற்றுவாள். ஹெட், நாடாவை இழுக்கிற ரப்பர் உருளை, வழியில் இருக்கிற கம்பிகள், எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டு மூடுவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். காலையில் ஊராரின் கை, மாலையில் டெக்கின் தலை. ஸ்பிரிட் வாசனை அவள் விரலை விட்டுப் போனதே இல்லை.

இரண்டு பேருந்து மாறி வரும் தூரத்தில் இருந்த தங்கை, போனில் வேடிக்கையாகக் கேட்பாள். "என்ன, தலை கழுவியாச்சா?"

"கழுவத்தான் முடியுது. தலைமுழுகத்தான் முடியல," என்பாள் அக்கா. இருவரும் சிரிப்பார்கள். தங்கை போனை வைத்துவிடுவாள்.

காய்ச்சல் ஊரெல்லாம் பரவியிருந்த ஒரு மாதத்தில் அது நடந்தது. கூடத்தில் ஆள் பற்றாக்குறை. அன்றைக்கு மட்டும் தொண்ணூறு கைகளில் நரம்பு தேடியிருந்தாள். வீட்டுக்கு வரும்போது மூன்றரை. தம்பி அதற்குள் நாற்காலியில், இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தான். மூடியைக் கழற்றித் துணியை உருளை மேல் வைத்தாள். கண் ஒரு நொடி சொக்கியது. கை மேலே நழுவியது. நகநுனி ஒடிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

எதற்கும் இருக்கட்டும் என்று மூடிப் போட்டுப் பார்த்தாள். சத்தம் மட்டும் சரியாக வந்தது. அதைப் படிக்கிற ஹெட் தனி. படத்தில் வெள்ளைப் புள்ளிகள் கொட்டின. அலையும் ரயிலும் அதற்குப் பின்னால் எங்கோ நிழல்போல ஆடின.

ஐந்து நாள் வீடு வீடாக இல்லை. தம்பியின் நெற்றி கன்றிப்போனது. கூடத்துக்கு லீவு சொன்னாள். தங்கை ஓடி வந்து, அந்தக் கேசட்டை எப்போதோ யாரிடமோ கொடுத்து நகல் எடுத்து வைத்திருந்ததை, கையோடு கொண்டுவந்த புது டிவியில் போட்டுக் காட்டினாள். கண்ணாடி மாதிரித் தெரிந்தது. தம்பி எழுந்துபோய் அந்த டிவியின் மேல் காது வைத்துப் பார்த்தான். டெக்கின் உறுமல் அதில் இல்லை. "பொய்," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டான்.

ஆறாம் நாள் நாலு மணிக்கு அவனாகவே வந்து உட்கார்ந்தான். அக்கா மறுபேச்சில்லாமல் பழைய டெக்கைப் போட்டாள். புள்ளிகள் கொட்டின. தம்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மழை," என்றான்.

"என்னப்பா?"

"மழை பெய்யுது. குதிரை நனையுது."

அக்கா அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "ஆமாப்பா. மழைதான்."

"விடுமா?"

"விடும்."

அதன்பிறகு தினமும் இருபத்தெட்டு நிமிடமும் அவன் மழை பார்த்தான். ஒடிந்த ஹெட்டைத் துடைப்பதில் அர்த்தமில்லை. பத்து வருடத்தில் முதல் தடவையாக மூன்று மணியிலிருந்து நாலு மணிவரை அவளுக்கு வேலை இல்லாமல் போனது. முதல் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் வெறுமனே நின்றாள். இரண்டாம் நாள் கட்டிலில் சாய்ந்தாள். அடித்துப் போட்டாற்போல் தூக்கம்.

பத்து நாள் கழித்து மெக்கானிக் வந்தார். இப்போது அவர் கடையில் போன் உறை விற்கிறார். ஆனாலும் தங்கை சொல்லியனுப்பியதும் பழைய சாமான் குவித்திருந்த கிடங்கில் தேடி, அதே மாதிரி டெக்கிலிருந்து ஓர் உருளையைக் கழற்றி எடுத்து வந்திருந்தார்.

"அரை மணி நேர வேலை மேடம். மாட்டிடறேன்."

அக்கா அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "இப்ப வேண்டாம். வெச்சுட்டுப் போங்க."

"ஏன், தம்பி கேக்கலயா?"

"நான் கூப்பிடறேன்."

அவர் படியிறங்கியதும் அதை அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்தாள். அடுத்த வாரம் என்று நினைத்தாள். அடுத்த வாரமும் அப்படியே நினைத்தாள். ஒவ்வொரு நாளும் படம் முடிந்ததும் தம்பி கேட்பான்.

"அக்கா, மழை விடலயா?"

"இல்லப்பா. இன்னும் விடல."

அவன் நம்பினான். அவள் என்ன சொன்னாலும் நம்புவான். அதுதான் நெஞ்சை அறுத்தது. ஆனாலும் மூன்று மணித் தூக்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இப்படியே ஏழு வாரம் ஓடிப்போனது.

ஏழாம் வாரக் கடைசியில் ஒருநாள் அவள் தூங்கி எழுந்து வந்தபோது, பழைய டிவி மேல் தம்பியின் துண்டு விரித்துக் கிடந்தது. வேறு யாரும் தொட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது அவனுக்கு, அப்படிப்பட்ட துண்டு.

"ஏம்பா இத இங்க போட்ட?"

"குதிரைக்கு," என்றான். "தலை துவட்ட."

அவள் உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

மறுநாள் நாலு மணிக்குச் சூரியகாந்தி மஞ்சளாக ஆடியது. தம்பி கடைசிக் குதிரைவரை பார்த்துவிட்டு, துண்டை எடுத்து ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத் தோளில் போட்டுக்கொண்டான். அக்காவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது அசதிதான். நாளைக்கு மூன்று மணிக்கு மறுபடியும் அந்த நாலு திருகாணி. நாளை மறுநாளும். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டாள்.

"என்னால முடியல."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. முடியல, அவ்வளவுதான்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா."

"நீ கேட்டிருக்கலாமே."

பிறகு, உருளை வந்ததையும் அதை ஏழு வாரம் ஒளித்து வைத்ததையும் சொன்னாள். திட்டுவாள் என்று காத்திருந்தாள்.

"நானா இருந்தா ஏழு வருஷம் வெச்சிருப்பேன்," என்றாள் தங்கை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். தோல் துணியை உருளை மேல் வைத்து அவசரமாகத் தேய்க்கப் போனாள். "துணிய அசைக்காத. உருளையச் சுத்து. இன்னும் மெதுவா," என்று அக்கா பக்கத்தில் நின்று சொன்னாள். தம்பி இரண்டு பேரையும் சந்தேகமாகப் பார்த்தான். மூன்றாவது ஞாயிறுக்குள் தங்கைக்குக் கை பழகிவிட்டது. தம்பிக்கும் அவள் பழகிவிட்டாள். "நீ எங்கயாவது போய்ட்டு வா," என்று அக்காவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. முதலில் வந்த பேருந்தில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கடைசி நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கினாள். இரண்டாவது நிறுத்தத்திலேயே தூங்கிப்போனாள். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தோளைத் தட்டினார்.

"அம்மா, வந்தாச்சு. எறங்குங்க."

"திரும்பி எப்பப் போகும்?"

"பத்து நிமிஷத்துல."

"அப்ப இங்கயே இருக்கேன்," என்று இன்னொரு சீட்டு வாங்கிக்கொண்டு மறுபடியும் கண்ணை மூடினாள்.