தொட்டியில் வாய் வைக்காத குதிரை

யுத்த காலத்தில் அதியமான்கோட்டையில் நாங்கள் ஜட்காவுக்குக் குதிரை வளர்த்து விற்றோம். ரோட்டில் போகிற எந்தக் குதிரைக்கும் எங்கள் தொட்டியில் தண்ணீர் காட்டுவது வழக்கம். மனிதர்கள் விஷயம் வேறு. சிலருக்கு எட்ட நின்று கையில்தான் ஊற்றுவோம்.

ஒரு காலையில் தொப்பூர் ஜட்காக்காரர் ஒருவர் வண்டியில்லாமல் குதிரையை மட்டும் நடத்திக்கொண்டு வந்தார். தொட்டியைக் கண்டதும் அது திமிறியது. அவர் விடாமல் இழுத்துப் பிடித்தார்.

"ஏன், எங்க வூட்டுத் தண்ணி ஆவாதா?" என்றேன் வெடுக்கென்று.

"நல்ல தண்ணிதாங்கம்மா. இதுக்கு மூக்குல சீழு வடியுதுங்க. இது வாய் வெச்சா உங்க குதிரைங்களுக்கும் ஒட்டிக்கும். தருமபுரி டாக்டர்கிட்ட காட்டப் போறேன்."

சாயங்காலம் தனியாகத் திரும்பினார். நோய் பரவுமென்று குதிரையைச் சுட்டுவிட்டார்களாம். குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவருக்கும் கையில்தான் ஊற்றுவது வழக்கம்; அன்று ஏனோ சொம்பையே நீட்டினேன். அவர் பின்னால் நகர்ந்தார்.

"கிட்ட வராதீங்கம்மா. துணியெல்லாம் அந்தச் சீழுதான். தூக்கி ஊத்துங்க" என்று குனிந்து கையைக் குவித்தார்.

எட்ட நின்று ஊற்றுவது எனக்குப் பழக்கம்தான். என் நன்மைக்காக ஒருவர் அப்படி ஊற்றச் சொன்னது அதுதான் முதல் தடவை.

எங்கள் குதிரைகளில் ஒன்றுக்கும் நோய் வரவில்லை. அதன் பிறகு யார் தண்ணீர் கேட்டாலும் சொம்பைக் கையில் கொடுத்துவிடுகிறேன்.