பிரிட்ஜ் கதவில் அழிந்த டிக்

எங்கள் வீட்டில் வெள்ளை போர்டு என்றால் பிரிட்ஜ் கதவுதான். அம்மாவுக்குத் தினம் ஒரு வேளை இன்சுலின் போட வேண்டும். என் மனைவி விடியற்காலையில் உப்பளத்துக்குக் கிளம்பும் முன் ஊசி போட்டுவிட்டு, அந்தக் கதவில் நீல மார்க்கரால் டிக் அடித்துவிடுவாள். டிக் இல்லையென்றால் நான் போட வேண்டும்.

அன்று டிக் இல்லை.

"ஊசி போட்டாச்சாம்மா?"

"போட்ட மாதிரியும் இருக்குது, போடாத மாதிரியும் இருக்குது" என்றார் அம்மா.

மனைவி உப்புப் பாத்தியில் இறங்கினால் போனைக் கரையில் வைத்துவிடுவாள். திரும்பத் திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டேன்.

அப்போது, கிளியனூரிலிருந்து வந்திருந்த என் தங்கை ஈரத்துணியுடன் சமையலறையிலிருந்து வந்தாள். துணியில் நீலக் கறை.

"எத தொடச்ச?"

"பிரிட்ஜைத்தாண்ணா. உப்புக்காத்துல வேர்த்து நிக்குது. துரு புடிச்சா அண்ணி என்னத்தான் திட்டுவாங்க."

ஊசியைக் கீழே வைத்தேன். மனைவி திருப்பி அழைக்கும்வரை வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"போட்டுட்டுத்தான வந்தேன். ஏங்க, என்னாச்சு?" என்றாள்.

இரண்டாம் முறை போட்டிருந்தால் அம்மா மயங்கிச் சரிந்திருப்பார்.

இப்போது முந்தின இரவே கதவில் 'இன்னும் போடவில்லை' என்று எழுதிவைக்கிறோம். போட்டவர் அதை அழித்து 'போட்டாச்சு' என்று எழுத வேண்டும். கதவில் எதுவுமே இல்லையென்றால், மனைவி போனை எடுக்கும்வரை நான் ஊசியைத் தொடுவதில்லை.