ஆணித் தராசில் சோறு

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஆணி வாங்குகிறவர்கள் ரவூபின் கடைக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். அரைக் கிலோ கேட்டால் ஓர் ஆணி கூடுமே தவிரக் குறையாது. இருபத்திரண்டு வருடங்களாக அப்படித்தான். உயர்நிலை இரண்டோடு படிப்பை நிறுத்தியவன், எந்தச் சுவருக்கு எந்தத் திருகாணி என்று இன்று பார்த்த பார்வையில் சொல்வான். கிளமெண்டியில் திரைச்சீலை தைக்கும் அவனுடைய லாத்தா பரீதா, சன்னல் அளவெடுக்கப் போகும் வீடுகளிலெல்லாம் இதைச் சொல்லாமல் திரும்பியதில்லை. துணிக்குத்தான் காசு, தம்பியின் புகழ் இலவசம்.

அந்தத் தம்பிதான் பிப்ரவரி மாதத்தில் கொஞ்சம் கோணிப்போனான்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பத்து வயது மகள் சாதியாவின் எடை உயரத்துக்கு மிஞ்சி இருக்கிறது, வீட்டுச் சாப்பாட்டைக் கவனியுங்கள், பலதுறை மருந்தகத்துக்கும் அழைத்துப் போங்கள் என்று எழுதியிருந்தது. ரவூப் மூன்று முறை படித்தான். கவனிப்பது என்றால் அவனுக்கு நிறுப்பதுதான். மறுநாளே கடையில் ஆணி நிறுக்கும் முள்தராசைக் கொண்டுவந்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டான். சாதியாவுக்கு நூற்றைம்பது கிராம் சோறு. மனைவி ருக்சார் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

இரண்டு வாரம் கழித்து லாத்தாவுக்குப் போன் செய்தான்.

"லாத்தா, சாதியா என்னோட உக்காந்து சாப்பிட மாட்டேங்குறா. பதினோரு நாளாச்சு."

"அதையும் எண்ணி வச்சிருக்கியா?"

"ஹோம்வொர்க்னு சொல்லித் தட்டைத் தூக்கிட்டு ரூமுக்குப் போயிடுறா. ஸ்கூல்ல என்ன நடக்குதுன்னே எனக்குத் தெரியல."

பரீதாவுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. கடை சாத்தி வந்தபின் சாப்பாட்டு மேசையில் கிடைக்கும் அந்த அரைமணி நேரம்தான் தம்பிக்கு மகளோடு இருக்கும் நேரம் என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரத்துக்காகவே அவன் கூட்டாளிகளோடு தே தாரிக் குடிக்கப் போகாதவன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வழக்கமான டப்பாவைத் தூக்கிக்கொண்டு தம்பியின் சிராங்கூன் வீட்டுக்குப் போனாள். ருக்சார் மீன் ஆணமும் சோறும் எடுத்து வைத்திருந்தாள். ரவூப் மகளின் சோற்றைத் தராசில் ஏற்றி, முள்ளைக் குனிந்து பார்த்து, கரண்டி நுனியால் நாலு பருக்கையை எடுத்தான்.

"ஏண்டா, வரி ஆபீஸ்லேந்து ஆள் வர்றாங்களா?" என்றாள் பரீதா.

"அளவுன்னா அளவு லாத்தா."

சாதியா தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அறை வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"என்னைய மட்டும் ஆணி மாதிரி நிறுக்குறாங்க மாமி. வாப்பா தட்டை யாரும் நிறுக்குறதில்ல."

வாப்பாவின் தட்டில் சோறு குன்றாக இருந்தது. பக்கத்தில் பெரிய கிளாஸில் சிரப் தண்ணீர். ரவூப் அந்தக் குன்றைப் பார்த்தான். பிறகு அவனே தூக்கித் தராசில் வைத்தான். முள் ஆடி ஆடி எங்கோ போய் நின்றது; அவன் தராசு பொய் சொல்லாது.

"தட்டைக் கழிச்சா நானூத்தி எம்பது," என்று முணுமுணுத்தான்.

பரீதா விழுந்து விழுந்து சிரித்தாள். "கல்லாப்பெட்டிக்குப் பின்னால தொப்பையை மறைச்சு வச்சா சரியாயிடுமாடா?"

"மாமி டப்பாவையும் வைங்க லா," என்றாள் சாதியா.

சிரிப்பு பாதியில் நின்றது. டப்பாவுக்குள் முட்டையும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டலப்பம். பிள்ளைக்கென்று வாராவாரம் கொண்டு வருவது.

"இது பாசம்டி. இதெல்லாம் கணக்குல வராது."

"வரும் மாமி."

வந்தது. தொள்ளாயிரம் கிராம். திரைச்சீலையின் மடிப்புக்கு அரை அங்குலம்கூட விட்டுவிடாமல் கூட்டுகிற பரீதா, மாதத்துக்கு நாலு டப்பா என்று ஒரு நாளும் கூட்டிப் பார்த்ததில்லை. ருக்சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்ச் சிரித்தாள்.

ஆனாலும் சாதியா அன்றும் அறையில்தான் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை தராசு கடைக்குத் திரும்பியது. செவ்வாய்க்கிழமை மருந்தகத்தில் தாதி சொன்னதையெல்லாம் ரவூப் நோட்டில் எழுதிக்கொண்டான். வளரும் பிள்ளை, இளைக்க வைக்க வேண்டாம், எடை ஏறாமல் உயரட்டும். சாப்பாட்டு மேசையில் எடைப் பேச்சு கூடாது. பிள்ளைக்கு என்ன சாப்பாடோ அதுவேதான் வீட்டில் எல்லாருக்கும். கடைசி வரியின் கீழ் அவனே இரண்டு கோடு போட்டான்.

சிரப் போத்தல் வீட்டைவிட்டுப் போனது. வாப்பாவின் தட்டிலும் பாதிக்குக் கீரையும் கத்தரிக்காயும் வந்தன. மாலையில் ருக்சாரும் மகளும் பூங்காப் பாதையில் நடக்க, கடையை மகன்போல் பார்த்துக்கொள்ளும் வேலையாள் இர்ஃபானிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ரவூபும் சீக்கிரம் வந்து சேர்ந்துகொண்டான். அவன் மூச்சு வாங்குவதைப் பார்த்து, "வாப்பா, லாரி வருதுன்னு நினைச்சு ஒதுங்கிட்டேன்," என்றாள் சாதியா. அது அவனுக்குப் பரிசு கிடைத்ததுபோல் இருந்தது. ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் அறைக் கதவு சாத்தித்தான் இருந்தது. அவன் கூப்பிடவும் இல்லை, எண்ணவும் இல்லை.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை, பரீதாவின் போன் அடித்தது.

"லாத்தா, வந்து உக்காந்துட்டா! கேட்லின்னு ஒரு புள்ள, கெண்டீன்ல சாரோட ஷூ மேலயே மைலோவைக் கொட்டிடுச்சாம். நடிச்சே காட்டுனா."

"அல்ஹம்துலில்லாஹ். எவ்வளவு சாப்பிட்டா?"

ரவூப் யோசித்தான்.

"பாக்கல லாத்தா. கதை ரொம்ப நல்லாருந்துச்சு."