முருகன் படத்துக்குப் பின்னால் ஒளித்த கிளினிக் கொப்பி

முன்பு எனக்கு வயிற்றுப் புற்றுநோய்க்குக் கரண்ட் பிடித்தார்கள். கதிர்ச் சிகிச்சையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அந்தச் சிகிச்சை விவரம் எழுதிய கிளினிக் கொப்பியில், அந்தக் குறிப்பேட்டில், என் யாழ்ப்பாண விலாசம் இருந்தது. சண்டைக் காலத்தில் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்ததும், யாழ்ப்பாணத்தார் என்றால் பிடித்துக்கொண்டு போகும் ஆமிச் சோதனைக்குப் பயந்து அதை முருகன் படத்துக்குப் பின்னால் ஒளித்தேன். அறையை விட்டு வெளிக்கிடுவதே இல்லை.

வருடங்கள் கழித்துத் தலையிடியும் கால் வீக்கமும் வந்தன. பயம்தான் காரணம் என்றிருந்தேன். கணவர் வற்புறுத்தி டாக்டரிடம் கூட்டிப் போனார்.

“பிரஷர் கூடியிருக்கு. முந்தி ஏதும் வருத்தம் வந்து மருந்து எடுத்தனீங்களோ?”

ஓம் என்றால் கொப்பி கேட்பாரே என்று, “இல்லை” என்றேன். எனக்குத் தெரியாமல் படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்து வந்த கொப்பியை, கணவர் சட்டைக்குள் இருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

“இதையோ மறைச்சனீங்கள், அம்மா? கரண்ட் கிட்னியையும் பழுதாக்கியிருக்கலாம். பிரஷர் அதாலயும் ஏறும். இன்னும் பிந்தியிருந்தா கஷ்டம்.”

திரும்பும்போது கணவர், “சோதனையில காட்டுற உன்ர அடையாள அட்டையிலயும் யாழ்ப்பாணம்தானே கிடக்கு, கொப்பியை மட்டும் ஒளிச்சு என்ன?” என்றார்.

இப்போது கொப்பியும் அடையாள அட்டையும் ஒரே பையில். எந்த டாக்டரிடமும் கொப்பியைத்தான் முதலில் நீட்டுகிறேன். முருகனுக்குப் பின்னால் ஒன்றுமில்லை.